பைப்பக்காவின் தலைவலி

உங்கள் வீட்டுப் பெண் கடைசியாக "தலை வலிக்குது" என்று சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? காரணம் கேட்டீர்களா, மாத்திரை எடுத்துக் கொடுத்தீர்களா, இல்லை டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தீர்களா? ஞாபகம் வரவில்லையென்றால் நீங்கள் தனி ஆள் இல்லை. பைப்பக்காவைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பைப்பக்கா ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் சைலன்சர் மாட்டுகிறவர். அதற்கு முன்பே அந்தப் பட்டறை முதலாளிக்குக் கொழுந்தியாள். அக்கா முதல் குழந்தையோடு படுக்கையில் கிடந்த நாட்களில் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர், ஆள் வராத ஒரு நாளில் எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டப் போனார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். எடுத்ததைத் திருப்பி வைக்கவே இல்லை. அதன் பிறகு அவருக்கே கல்யாணமாகி, பெண் பிறந்து, அந்தப் பெண்ணும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். துருப்பிடித்த போல்ட்டை உடைக்காமல் கழற்ற வேண்டுமா, கோணிப்போன பைப்பை நிமிர்த்த வேண்டுமா, "பைப்பக்காட்ட விடு" என்பார்கள். கை எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு வாய் நீளம். அடக்கம், பணிவு என்றெல்லாம் அவரைப் பற்றி யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச காலமாகக் கை தடுமாறியது. மதியம் ஆனால் நெற்றியில் யாரோ ஆணி அடிப்பதுபோல வலி. வயிற்றைப் புரட்டும். கால் பஞ்சாகிவிடும். ஒரு வண்டியில் கிளாம்ப்பை முறுக்காமல் விட்டதில் சைலன்சர் நடுரோட்டில் கழன்று விழுந்தது. இன்னொன்றில் பைப், சாமான் வைக்கும் பக்கப்பெட்டியை உரசி, பெட்டியின் அடிப்பக்கம் நெய் மாதிரி உருகியது. இரண்டு வண்டிக்காரர்களும் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை.

"வயசாகுது, வேறென்ன" என்றார் அத்தான். அவர் பைப்பக்காவைவிடப் பெரியவர். அவருக்கு மட்டும் வயது ஆகவில்லை போலிருக்கிறது.

"கண்ணு பட்டிருக்குடி. ஒரு பொம்பள இத்தனை ஆம்பளைங்க நடுவுல வேலை செஞ்சா படாம என்ன செய்யும்?" என்றார் அக்கா.

தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை மட்டும் உனக்குத் தலை வலிக்கிறதே இல்லையே, ஏன்? நான் சமைக்கிறேன்ல, அதுலயே பாதி நோய் போயிடுதா?"

"அவளுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கலப்பா. நேரா சொல்ல வாய் வரல" என்றார் மாமியார் உள்ளறையிலிருந்து.

"என் வாயா வராது?" என்று பைப்பக்கா கேட்டதில் கணவர் சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டர் படித்தவர். அதனால் சுருக்கமாகச் சொன்னார். "டென்ஷன். இந்த வயசுல லேடீஸ்க்கு இப்படித்தான் இருக்கும். நல்லாத் தூங்குங்க." எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நகத்தடியில் கறுப்பாக மசகு படிந்த கையைப் பிடித்துத்தான் நாடி பார்த்தார், அப்போதும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்பது ஒரு துப்பு. பட்டறை வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நாள் முழுக்கத் தகரம் தட்டும் டிங்கர் அண்ணனுக்கு, காது கிழியும் சத்தத்துக்கு நடுவிலும், தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது என்பது இன்னொரு துப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றினால் போதும். தோன்றவில்லை. முதல் துப்பு வீட்டில் கிண்டலுக்குப் பயன்பட்டது. இரண்டாவது பட்டறையில், "அவன் ஆம்பள, தாங்குறான்" என்று ஆனது.

பட்டறையைச் சொல்ல வேண்டும். நீளமான, குறுகலான ஒரே அறை. முன்னால் தெருவைப் பார்த்து இரும்பு ஷட்டர். பின்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு சமயம் அத்தான் திசை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கையில் ஒரு காந்தமுள் பெட்டியோடு மூலை மூலையாக நின்று பார்த்துவிட்டு, "இந்த ஜன்னல் வழியாத்தான் காசு வெளிய போகுது" என்று கண்டுபிடித்தார். அத்தான் மறுநாளே பலகை அடித்து, மேலே சுண்ணாம்பும் பூசிவிட்டார். காசு வெளியே போகாமல் இருக்க மூடிய ஜன்னல் வழியே புகையும் வெளியே போகவில்லை.

மிச்சமிருந்தது ஷட்டர். மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மா இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். பக்கத்துக் கடைகளெல்லாம் திறந்தமேனிக்கு உறுமும் சைலன்சர்களை விற்க ஆரம்பித்த பிறகு அத்தானும் விற்க ஆரம்பித்தார். நர்ஸம்மா ஒருநாள் கீழே இறங்கி வந்து, "அண்ணே, மத்தியானம் மட்டும் கொஞ்சம் எஞ்சின முறுக்காம இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மதியம் முறுக்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அத்தான் எடுத்த முடிவு வேறு. எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவது. சத்தம் உள்ளே, வியாபாரம் தடையில்லை, உள்ளே இருப்பது கொழுந்தியாள்தானே.

"கேஸ் நாத்தம் தாங்கல அத்தான், ஒரு பைப்பப் போட்டு வெளிய விடலாம்" என்று பைப்பக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி குழாய் தொங்கினா எவன் வருவான்? கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. வெளி ஆளா நீ?"

வெளி ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பார். சொந்தக்காரர் என்பதால் பொறுத்தார். சொந்தம் என்ற சொல் இப்படித்தான் பல வீடுகளில், பல பட்டறைகளில், வாயில் அடைக்கும் துணியாகப் பயன்படுகிறது.

உருகிய பெட்டியின் சொந்தக்காரர் வந்து கத்திவிட்டுப் போன அன்று அத்தான் முடிவைச் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு வண்டி. அதுவும் கம்ப்ளெய்ன்ட்டா திரும்பி வந்துச்சுன்னா, நீ கவுண்டர்ல உக்காந்து போன் எடுத்தாப் போதும். ஸ்பேனரைத் தொட வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பைப்பக்கா அன்று கையைக் கழுவாமலே கிளம்பினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். தனக்கே தன் மூளைமேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அந்த "இன்னும் ஒரு வண்டி" பல் டாக்டருடையது.

டூரிங் பைக். முன்னால் கதவு மாதிரி கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, சோபா மாதிரி சீட்டு. நாள் கணக்கில் சாய்ந்து உட்கார்ந்து ஊர் ஊராகப் போவதற்கென்றே செய்த வண்டி. கம்பெனி மாட்டிய சைலன்சர் கனமானது, அமைதியானது. பல் டாக்டருக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து பளபளக்கும் புது சைலன்சரை, முன்பைப்போடு சேர்த்து முழு செட்டாக வரவழைத்திருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெக்கானிக் எங்க?"

"உங்க முன்னாடிதான் நிக்கிறேன் சார்."

"இல்ல, மாட்டப் போறவர்?"

"நீங்க கிளினிக்குல இருக்கும்போது, பல்லு பிடுங்குற ஆளு எங்கன்னு உங்ககிட்டயே யாராச்சும் கேட்டா என்ன சார் சொல்வீங்க?"

வாசலில் டிங்கர் அண்ணனின் சுத்தியல் ஒரு நொடி நின்றது. அத்தான் ஓடி வந்தார். "சார், எங்க வீட்டுப் பொண்ணுதான், நல்லா செய்யும்" என்று குழைந்தார். பல் டாக்டர் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, பைக்குக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். "நான் இங்கயே இருந்து பாக்குறேன். தப்பா நினைக்காதீங்க."

"நல்லாப் பாருங்க சார். பாக்குறதுக்குக் காசு வாங்க மாட்டோம்."

காலையில் ஷட்டர் திறந்திருந்தது; பைப்பக்காவின் கையும் பழைய கையாக இருந்தது. பெட்டிகளைக் கழற்றினார். எஞ்சினில் பைப் சேரும் இடத்தில் துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஊற வைத்து, அவசரப்படாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, ஒன்றுகூட உடையாமல் எடுத்தார். பழைய பைப் தரையில் இறங்கியது. பல் டாக்டரே, "என்னோட பேஷன்ட்ஸ்க்கு நான் இவ்வளவு பொறுமையா எடுக்கிறதில்ல" என்றார்.

"அதான் உங்க பேஷன்ட்ஸ் சத்தம் தெருவரைக்கும் கேக்குது."

பல் டாக்டர் சிரித்தார். கொஞ்சம் இளகிய மாதிரி தெரிந்தது.

நடுவில் அத்தானுக்கு வேறொரு வண்டியைச் சோதித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஷட்டரை இறக்கி, அறையின் கோடியில் அதை ஓடவிட்டார். அது ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் அதைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தெருவைப் பார்த்துத் தனி ஜன்னல் உள்ள தன் ஆபீஸ் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஜன்னலைப் பற்றித் திசை பார்ப்பவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எஞ்சினில் பைப் புறப்படும் வாயில் ஒரு வளையம் இருக்கும்; கேஸ்கெட் என்பார்கள். பைப்பும் எஞ்சினும் சேருமிடத்தில் கேஸ் கசியாமல் நசுங்கி உட்கார்ந்து அடைப்பது அதன் வேலை. பழைய கேஸ்கெட் கரி பிடித்து எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டிக்கிடக்கும். பழகாத கண்ணுக்கு அது தனி வளையம் என்றே தெரியாது. அதைக் கிளப்பி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டு வாய். இடப்பக்கத்து வளையத்தை நெம்பி எடுத்தார். வலப்பக்கம் வரும்போது நெற்றியில் ஆணி இறங்கியது. கண்ணை மூடித் திறந்தார். இரண்டையும் எடுத்துவிட்டோம் என்று மனதில் பட்டது. பழையதன் மேலேயே புதியதை வைத்துவிட்டார்.

மற்றதெல்லாம் சரியாகவே செய்தார் என்பதுதான் வேதனை. எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, பைப் எங்கும் இழுபடாமல் உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கமிருந்து ஒவ்வொன்றாக இறுக்கினார். பக்கப்பெட்டிக்கும் சைலன்சருக்கும் நடுவில் கையை விட்டு இடைவெளி பார்த்தார். எஞ்சின் சூடானால் புது பைப்பில் பட்ட விரல் ரேகை நிரந்தரமாகச் சுட்டு நின்றுவிடும் என்று ஸ்பிரிட் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்தார்.

"உள்ள ஒரு சின்னக் குழல் இருக்குல்ல, சத்தத்தைக் குறைக்கிறது? அதைக் கழட்டிடுங்க" என்றார் பல் டாக்டர்.

"எதுக்கு சார்?"

"கம்பீரமா இருக்கும். நாலு பேரு திரும்பிப் பாக்கணும்."

"நாலு பேரு திரும்பித்தான் பாப்பாங்க சார். என்ன சொல்லிக்கிட்டுப் பாப்பாங்கன்னு யோசிங்க. மாடியில ஒரு பொம்பள நைட்டெல்லாம் நோயாளியப் பாத்துட்டுத் தூங்குது."

"கழட்டிடும்மா, சார் சொல்றார்ல!" என்றது ஆபீஸ் அறை.

பைப்பக்கா குழலைக் கழற்றவில்லை. கழற்றியதுபோல ஸ்பேனரைச் சத்தமாக ஆட்டிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். வண்டி உறுமியது. கைப்பிடியை விட்டதும் வலப்பக்கம் பட் பட்டென்று வெடித்தது. மறுபடி முறுக்கினார். மறுபடி வெடித்தது. எங்கேயோ கசிவு. எங்கே? இடுப்பு உயரத்தில் மேகம் மாதிரி ஏதோ நின்றது. அது புகையா, தன் கண்ணா என்று அவருக்குத் தெரியவில்லை.

அத்தான் வெளியே வந்து தலையில் கை வைத்தார். "முடிஞ்சுது. நான் சொன்னேன்ல? கை போச்சும்மா உனக்கு. இன்னும் ஓட்டு, எங்க கசியுதுன்னு பாரு." மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார்.

இன்னும் ஓட்டினார். வாழ்நாள் வேலை அந்தச் சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தே ஆக வேண்டும். குனிந்து எஞ்சினுக்குப் பக்கத்தில், கசிகிற இடத்துக்கு நேராகவே, முகத்தைக் கொண்டுபோனார்.

"எனக்கும் ஒரு மாதிரி இருக்கு" என்றார் பல் டாக்டர் நாற்காலியிலிருந்து. குரல் குழறியது. எழுந்தார். தன் புது சைலன்சருக்குப் பக்கத்தில், பளபளக்கிற தன் ஷூமேலேயே வாந்தியெடுத்தார். பைப்பக்கா அவரைப் பிடிக்கத் திரும்பினார். கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஷட்டரைத் தூக்கியது நர்ஸம்மா. தூக்கம் கலைந்த கோபத்தில், திட்டுவதற்கென்றே இறங்கி வந்தவர். டிங்கர் அண்ணனும் ஒரு கை கொடுத்தார். பாதி தூக்கியதுமே நர்ஸம்மாவின் முகம் மாறியது.

"எஞ்சின நிறுத்துங்க! எல்லாரும் வெளிய! அந்தக்கா தரையில கிடக்காங்க, தூக்குங்கண்ணே!"

அத்தான் ஓடி வந்தார். எங்கே ஓடினார் என்று கேளுங்கள். பல் டாக்டரிடம் ஓடினார். "ஐயோ சார், சார்! தண்ணி கொண்டாங்க! ஃபேன் போடுங்க! சாருக்கு நாற்காலி போடுங்க!" கொழுந்தியாளின் காலைத் தாண்டித்தான் அந்த நாற்காலி போனது. நர்ஸம்மாவும் டிங்கர் அண்ணனும் பைப்பக்காவைத் தெருவுக்குத் தூக்கி வந்து கிடத்தினார்கள். காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் கண் விழித்தவரின் காதில் முதலில் விழுந்தது அத்தானின் குரல். "கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கக் கூடாதாம்மா? சார் எவ்வளவு பெரிய ஆளு!"

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றார் நர்ஸம்மா. "ஷட்டரை மூடிட்டு எஞ்சின ஓட்டுவாங்களா? கார்பன் மோனாக்சைடு. புகைதான் நாறும்; அதுக்குள்ள இருக்கிற இந்த விஷவாயு நாத்தமே இல்லாம ஆளைக் கொல்லும்."

"உங்களுக்காகத்தானேம்மா மூடினேன்! சத்தம்னு சொன்னீங்களே!"

"நான் சத்தம் போடாதீங்கன்னுதான் சொன்னேன். ஆளை உள்ள போட்டு அடைங்கன்னா சொன்னேன்?"

நர்ஸம்மா இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் பல் டாக்டரைப் பார்த்ததும் சக்கர நாற்காலி வந்தது, பிராணவாயு முகமூடி வந்தது. பைப்பக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா தன் அடையாள அட்டையை மேஜைமேல் ஓங்கிப் போட்டு, "அவங்கதான் முதல்ல. அவங்கதான் ரொம்ப நேரம் உள்ள இருந்தவங்க" என்று சொன்ன பிறகுதான் இன்னொரு முகமூடி கிடைத்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். பல் டாக்டரின் இரத்தத்தில் இருந்ததைவிட பைப்பக்காவின் இரத்தத்தில் விஷம் அதிகம்.

வந்து பார்த்தவர் அதே டாக்டர். கணினித் திரையைப் பார்த்தார், பைப்பக்காவைப் பார்த்தார். "இது ரொம்ப நாளா நடந்திருக்கும் போலயே. ஏன் இவ்வளவு நாள் சொல்லாம விட்டீங்க?"

பைப்பக்கா முகமூடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "சொன்னேன் டாக்டர். இதே ஆஸ்பத்திரியில, இதே உங்ககிட்டதான் சொன்னேன். டென்ஷன்னு சொன்னீங்க. நல்லாத் தூங்கச் சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்."

டாக்டர் முகமூடியைச் சரியாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மாதக்கணக்கில் ஒரு பெண்ணுக்கு வந்த வலி வயசு, கண்ணேறு, சோம்பல், டென்ஷன். ஒரு பொழுது ஒரு பெரிய மனிதருக்கு வந்த வலி கார்பன் மோனாக்சைடு. விஷம் ஒன்றுதான். அதற்கு ஆள் பார்த்து ஏறத் தெரியாது. ஆள் பார்க்கிறவர்கள் நாம்தான்.

கணவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். கடைசியில், "ஞாயித்துக்கிழமைன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன்" என்றார்.

"நாளைக்கு நான் பட்டறைக்குப் போகணும்" என்றார் பைப்பக்கா.

"போகக் கூடாது."

"அந்த வண்டி இன்னும் வெடிக்குது. நான் போய்ப் பாக்கலன்னா கவுண்டர்ல உக்கார வச்சிருவாங்க. நீங்களும் வாங்க. வந்து வெளிய நில்லுங்க."

டாக்டர் மறுநாள் விடவில்லை. அதற்கடுத்த நாள் காலை, வீட்டுக்கு அனுப்பியதும், பைப்பக்கா நேராகப் பட்டறைக்கு வந்து, கூட வந்த கணவரை வாசலில் நிறுத்தினார். டிங்கர் அண்ணனிடம் கடப்பாரை கேட்டு வாங்கினார். பின்சுவரில் சுண்ணாம்பு பூசிய பலகையின் ஓரத்தில் கடப்பாரையின் நுனியைச் செருகினார்.

"ஏய், அதைத் தொடாத! காசு போயிடும்!" என்று அத்தான் பதறினார்.

"நான் போறதுக்குப் பதிலா காசு போகட்டும் அத்தான்."

"வியாபாரம் படுத்துடும்மா! அவர் கணக்குப் பாத்துச் சொன்னது!"

"அவரைக் கூப்பிடுங்க. ஜன்னலை மூடிட்டு, ஷட்டரையும் மூடிட்டு, உள்ள உக்காந்து திசை பாக்கட்டும். நான் எஞ்சின ஓட்டுறேன்."

அத்தான் அக்காவுக்கு போன் போட்டார். தங்கையை அடக்க அக்கா வருவார் என்று நம்பிக்கை. அக்கா வந்தார். தங்கையின் வெளுத்த முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தன் கணவரின் பக்கம் திரும்பினார்.

"கண்ணு பட்டுச்சுன்னு நான் ஒருத்தி உளறினேன். எனக்குத் தெரியாது, உளறினேன். உங்களுக்குக் கேஸ் வாடை தெரியும்ல? ஆபீஸ் ரூம்ல மட்டும் ஜன்னலைத் தொறந்து வச்சுக்கத் தெரிஞ்சதுல்ல?"

அத்தான் என்ன சொன்னாரோ, பலகை பெயரும் சத்தத்தில் கேட்கவில்லை. வெளிச்சம் தூசியோடு உள்ளே வந்தது. அறையின் கோடியில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

டூரிங் பைக்கை வாசலுக்குத் தள்ளி வந்து, தார்ப்பாய் நிழலில் நிறுத்தினார்கள். பைப்பக்கா வலப்பக்க பைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். தலை தெளிவாக இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புது வளையத்துக்கு அடியில் பழைய வளையம்.

"தப்பு என்னுதுதான்" என்றார்.

அத்தான் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெம்பு வந்தது. "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

"கேஸ்கெட்டை எடுக்க மறந்தது என் தப்பு. மறக்குற அளவுக்கு என் மூளைக்குக் காத்து போகாம வச்சது உங்க தப்பு. என் தப்பை நான் இப்பவே சரி பண்றேன். உங்களோடதை எப்ப பண்றீங்கன்னு சொல்லுங்க. அது வரைக்கும் இந்த ரூமுக்குள்ள ஒரு எஞ்சினும் ஓடாது. மீறி ஓட்டினா நானும் இல்ல, டிங்கர் அண்ணனும் இல்ல."

டிங்கர் அண்ணன் இதைப் பற்றி முன்கூட்டிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பழைய வளையத்தை நெம்பி எடுத்து, புதியதை ஒற்றையாக வைத்து, பைப்பை மாட்டி, ஸ்டார்ட் செய்தார். வெடிப்பு இல்லை. அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி கனமான, அடக்கமான சத்தம். வண்டியை எடுக்க வந்த பல் டாக்டர், "ஆகா, குழலைக் கழட்டினதும் என்ன கம்பீரம்!" என்றார். குழல் உள்ளேயே இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பைப்பக்கா கவுண்டருக்குப் போகவில்லை. இன்றும் அதே பட்டறையில் சைலன்சர் மாட்டுகிறார். வண்டியின் பின்னாலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் ஜன்னல் வழியே வெளியே போகிறது. மதியம் எஞ்சின் ஓடுவதில்லை. தலைவலி போய்விட்டது, மறதி மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. அது முழுக்கப் போகுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவுமில்லை. வருகிறவர்களிடம் அத்தான் குழாயைக் காட்டி, "நானே யோசிச்சுப் பண்ணினது சார். தொழிலாளி நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருக்க முடியும்" என்கிறார். பல் டாக்டர் போகிற ஊரிலெல்லாம் தான் சாவிலிருந்து தப்பிய கதையைச் சொல்கிறாராம். அந்தக் கதையில் அந்த அறைக்குள் அவர் ஒருவர் மட்டுமே இருக்கிறார்.

இதைக் கேட்டால் பைப்பக்காவுக்கு எரிச்சல் வரும்தான். அதைவிட எரிச்சல் வேறொன்று. அதே தெருவில் இன்னும் பல பட்டறைகள் ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சின் ஓட்டுகின்றன. ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னார். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையேக்கா" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் நெற்றியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

ஒரு பெண் தனியாக எத்தனை ஷட்டரைத் தட்டுவார்? நீங்களும் தட்டுங்கள். பட்டறையோ, ஜெனரேட்டர் ஓடும் கடையோ, கார் நிறுத்தும் கொட்டகையோ, கதவு மூடியிருந்து உள்ளே எஞ்சின் சத்தம் கேட்டால் யாரோ எதற்கோ ஓட்டுகிறார்கள் என்று கடந்து போகாதீர்கள். தட்டுங்கள். திறக்கச் சொல்லுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். உள்ளேயிருந்து பதிலே வரவில்லையென்றால் தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டு ஷட்டரைத் தூக்குங்கள். உள்ளே விழுந்து கிடப்பது யார், எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் காற்றுக்கு இழுத்து வாருங்கள்.